முன்பு பார்த்த வேலையை ஏன் விட்டீர்கள்?



பல ஆண்டுகளாக நான் வணிகவியல் கற்பித்து வருகிறேன். விலை விசாரிக்கும் கடிதம், சரக்குக் கேட்டு எழுதும் கடிதம், பாக்கியை நினைவூட்டும் கடிதம், வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதம் என எத்தனையோ கடிதங்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் ஒரு கடிதத்தை மட்டும் நான் ஒரு நாளும் கற்றுக்கொடுத்ததில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் வேலையிலிருந்து விலகும் கடிதமே அது. வேலையில் சேர்வதைப் பற்றித்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், விடுவதைப் பற்றி இப்போதே எதற்கு என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் தவறு என்று எனக்கு உணர்த்தியவள், உங்களைப் போலவே இப்பள்ளியில் படித்துச் சென்ற ஒரு மாணவி.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை அவள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். கையில் சான்றிதழ்கள் அடங்கிய ஓர் உறை. முகம் வாடியிருந்தது.

"டீச்சர், இன்னைக்கு ஒரு இன்டர்வியூ போயிருந்தேன். எல்லாக் கேள்விக்கும் நல்லாப் பதில் சொன்னேன். ஒரே ஒரு கேள்வியில மாட்டிக்கிட்டேன்" என்றாள்.

அவள் சொன்னதைச் சுருக்கமாகக் கூறுகிறேன். பி.காம். முடித்ததும் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. இரண்டரை ஆண்டுகள் பார்த்தாள். பிறகு திருமணம் நிச்சயமாயிற்று. "நாளையிலிருந்து வேலைக்குப் போக வேண்டாம்" என்றார் அப்பா. மறுநாள் அவள் போகவில்லை. கடிதம் எழுதவில்லை, யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அலுவலகத்திலிருந்து இருமுறை தொலைபேசி வந்தது. அப்பாவே எடுத்து, "அவள் இனிமேல் வரமாட்டாள்" என்று சொல்லிவிட்டார். அந்த மாதத்தில் வேலை செய்த பத்து நாள் சம்பளத்தையும் அவர்கள் போய்க் கேட்கவில்லை.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியது. கணவரின் பட்டறையில் வருமானம் குறைந்தது. வீட்டு வாடகைக்கே கையைப் பிசையும் நிலை வந்தபோது அவள் மீண்டும் வேலை தேடினாள். "இடையில் நான்கு வருடம் சும்மா இருந்தது தெரிந்தால் எடுக்க மாட்டார்கள். போன வருடம் வரை பழைய அலுவலகத்தில் இருந்ததாக எழுதிவிடு" என்று தெரிந்தவர் ஒருவர் யோசனை கூறினார். அவளும் அப்படியே விண்ணப்பத்தில் எழுதிவிட்டாள்.

நேர்முகத் தேர்வில் மூவர் அமர்ந்திருந்தனர். நடுவில் இருந்த அம்மையார், "முன்பு பார்த்த வேலையை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டார். இவள் தடுமாறி, "சம்பளம் போதவில்லை. மேனேஜரும் சரியில்லை" என்றாள். அனுபவச் சான்றிதழ் இருக்கிறதா என்றார்கள், இல்லை. வருங்கால வைப்பு நிதிக் கணக்கைக் காட்டச் சொன்னார்கள். கைத்தொலைபேசியில் திறந்து காட்டினாள். பணம் கட்டிய கடைசி மாதம் நான்கு ஆண்டுகளுக்கு முந்தையதாக இருந்தது. அந்த அம்மையார் ஒன்றும் பேசாமல் கோப்பை மூடி, "போய் வாருங்கள்" என்றாராம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அவள் கடைசியாகச் சொன்னதுதான் என் மனத்தில் தைத்தது. "அந்த மேனேஜர் ரொம்ப நல்லவர் டீச்சர். எனக்கு வேலை கத்துக்கொடுத்ததே அவர்தான்."

அவளைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கடிதத்தை அவளுக்குக் கற்றுக்கொடுக்காதவள் நான் அல்லவா? ஆகவே, விடுபட்டுப் போன அந்தப் பாடத்தை இந்த ஆண்டு மலரில் உங்களுக்காக எழுதுகிறேன்.

இந்த வினாவை ஏன் கேட்கிறார்கள்?

நேர்முகத் தேர்வில் இவ்வினாவைக் கேட்பவர் நம்மை அவமானப்படுத்தக் கேட்பதில்லை. ஒருவரை வேலைக்கு எடுத்து, அந்த வேலையைப் பழக்கி, அவர் கைக்கு வேலை படியும் வரை காத்திருப்பது ஒரு நிறுவனத்துக்குச் செலவு. ஆகவே அவர்கள் மூன்று செய்திகளை அறிய விரும்புகிறார்கள். இவர் இங்கும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவாரா? பழைய இடத்தில் ஏதேனும் தவறு செய்து வெளியேற்றப்பட்டவரா? நாளை நம்மைப் பற்றியும் வெளியே குறை பேசுவாரா?

ஆக, காரணத்தைக் கேட்பது போலத் தோன்றினாலும், அவர்கள் உண்மையில் உங்கள் குணத்தைப் பார்க்கிறார்கள். காரணம் மிகச் சாதாரணமாக இருக்கலாம், அதனால் குறைவில்லை. அந்தக் காரணத்தைச் சொல்லும் முறையில்தான் உங்கள் நேர்மையும் பொறுப்பும் தெரியும்.

விடை தயாராகும் நாள்

இந்தப் பாடத்தின் மையக் கருத்து இதுதான்: இவ்வினாவுக்கான விடையை நேர்முகத் தேர்வுக்கு முந்திய இரவில் தயாரிக்க முடியாது. பழைய வேலையை விட்ட நாளிலேயே அது தயாராகிவிடுகிறது. ஒழுங்காக விலகியவளுக்கு விடை தானே வரும். ஓடிப்போனது போல் விலகியவள் எத்தனை சொற்களை அடுக்கினாலும் அவை ஒட்டாது.

ஒழுங்காக விலகுவது என்றால் என்ன? ஐந்து காரியங்களை நினைவில் கொள்ளுங்கள்.

1. வேலையில் சேரும்போது தரப்படும் நியமனக் கடிதத்தை முழுவதும் படியுங்கள். விலக வேண்டுமானால் எத்தனை நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது அதில் இருக்கும். ஒரு மாதம் என்பது பல இடங்களில் வழக்கம்.

2. விலகும் முடிவை முதலில் உங்கள் மேலதிகாரியிடம் நேரில் சொல்லுங்கள். பிறர் வாயிலாக அவர் கேள்விப்படுவது மரியாதை அன்று.

3. பிறகு எழுத்து மூலம் கடிதம் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் அதன் படியைப் பாதுகாத்து வையுங்கள்.

4. உங்கள் பொறுப்பிலுள்ள ஏடுகள், சாவிகள், பணம், முடியாத வேலைகள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, அடுத்து வருபவரிடம் ஒப்படையுங்கள்.

5. பணியிலிருந்து விடுவித்த கடிதத்தையும் அனுபவச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அவற்றில் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றோடு வருங்கால வைப்பு நிதியையும் மறந்துவிடலாகாது. 2014-ஆம் ஆண்டு முதல் இந்நிதியில் உறுப்பினராகும் ஒவ்வொருவருக்கும் யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் ஒன்று வழங்கப்படுகிறது. எத்தனை வேலை மாறினாலும் அந்த எண் மாறாது. எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தோம், எந்த மாதம் வரை பணம் கட்டப்பட்டது, எந்தத் தேதியில் விலகினோம் என்ற விவரங்கள் அதில் வரிசையாகப் பதிந்திருக்கும். ஒரு தேதியை மாற்றிச் சொன்னால் அந்தப் பதிவே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். பொய் பாவம் என்பதற்காக மட்டுமன்றி, பொய் நிலைக்காது என்பதற்காகவும் அதை விலக்க வேண்டும்.

விலகும் கடிதம்

நான் கரும்பலகையில் எழுதாமல் விட்ட கடிதம் இதோ. உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்: (பெயர், பதவி, முகவரி)
பெறுநர்: மேலாளர் அவர்கள், (நிறுவனத்தின் முகவரி)

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: பணியிலிருந்து விலக அனுமதி வேண்டுதல்.

நான் தங்கள் நிறுவனத்தில் இரண்டரை ஆண்டுகளாகக் கணக்கு எழுத்தராகப் பணியாற்றி வருகிறேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக என்னால் பணியில் தொடர இயலவில்லை. நியமனக் கடிதத்தில் கண்டுள்ளபடி இன்றிலிருந்து ஒரு மாதம் பணியாற்றிவிட்டு விலக விரும்புகிறேன். அதற்குள் என் பொறுப்பிலுள்ள கணக்குகளை முடித்து ஒப்படைத்துவிடுகிறேன். என்னை விடுவித்து, அனுபவச் சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இங்கு வேலை கற்றுக்கொள்ள வாய்ப்பளித்தமைக்கு என் நன்றி.

இடம்:
நாள்:
இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, (கையொப்பம்)

இவ்வளவுதான். கோபத்தையும் குறைகளையும் இக்கடிதத்தில் கொட்ட வேண்டாம். இது பல ஆண்டுகள் கோப்பில் இருக்கப்போகும் தாள். ஆனால் சம்பள பாக்கி போன்ற நியாயமான உரிமை ஏதேனும் இருந்தால், அதைத் தனிக் கடிதமாக எழுதிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

விடையை அமைப்பது எப்படி?

நேர்முகத் தேர்வில் தரும் விடைக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. அது உண்மையாக இருக்க வேண்டும். சுருக்கமாக இருக்க வேண்டும். யாரையும் பழிக்காததாக இருக்க வேண்டும். நன்னெறி வகுப்பில் நீங்கள் படித்ததை நினைத்துப் பாருங்கள். பொய் சொல்வது மட்டுமா குற்றம்? எதிரில் இல்லாத ஒருவருடைய நற்பெயரைக் கெடுப்பதும் குற்றமே.

இரண்டு மூன்று வாக்கியங்கள் போதும். முதல் வாக்கியத்தில் காரணம். அடுத்ததில் ஒழுங்காக விலகிய செய்தி. கடைசியில் இந்தப் புதிய வேலையை ஏன் விரும்புகிறீர்கள் என்பது. அதன் பிறகு நிறுத்திவிடுங்கள். அவர்கள் மேலும் கேட்டால் மட்டும் மேலும் சொல்லுங்கள். பேசாதிருக்கும் நொடிகளைக் கண்டு பயந்து பேசிக்கொண்டே போவதுதான் பலரும் செய்யும் பிழை.

சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

சம்பளம் போதாமல் விலகியிருந்தால், "அங்கே கொடுத்த சம்பளம் பிச்சைக் காசு" என்று சொல்ல வேண்டாம். "அங்கே மூன்று ஆண்டுகள் வேலை கற்றுக்கொண்டேன். கூடுதல் பொறுப்பும் அதற்கேற்ற ஊதியமும் உள்ள வேலையைத் தேடுகிறேன். முறைப்படி ஒரு மாத முன்னறிவிப்புத் தந்து விலகினேன்" எனலாம். ஊதியத்தை விரும்புவது வெட்கப்பட வேண்டிய காரியம் அன்று. உழைப்பவருக்குக் கூலி கேட்கும் உரிமை உண்டு.

தூரம் காரணமாக விலகியிருந்தால், "இரண்டு பேருந்து மாறிப் போய்வர வேண்டியிருந்தது. இரவு வீடு சேர மிகவும் நேரமாயிற்று. இந்த அலுவலகம் என் வீட்டிலிருந்து நேரே வரக்கூடிய தூரத்தில் இருக்கிறது" என்று சொல்லலாம்.

பெற்றோரின் நோய் காரணமாக விலகியிருந்தால், "என் தாயாரைக் கவனிக்க எட்டு மாதங்கள் வீட்டில் இருந்தேன். இப்போது அவர் நலமாக இருக்கிறார். முழு நேரமும் வேலைக்கு வர என்னால் முடியும்" என்று சொன்னால் போதும். நோயின் விவரம், மருத்துவமனைச் செலவு, உறவினர் உதவாத கதை எல்லாம் அங்கே வேண்டாம்.

நிறுவனமே மூடப்பட்டிருந்தால் அதை அப்படியே சொல்லுங்கள். திருப்பெரும்புதூரில் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய நோக்கியா கைத்தொலைபேசித் தொழிற்சாலையில் 2014 நவம்பர் மாதத்தில் உற்பத்தி நின்றது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெண்கள் மிகுதி. மறைமலை நகரில் ஃபோர்டு மோட்டார் வாகனத் தொழிற்சாலையில் 2022-இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2020-இல் கொரோனா நோய் பரவியபோது எத்தனையோ சிறு கடைகளும் அலுவலகங்களும் மூடின. இப்படி வேலை இழந்தவர்களில் சிலர், ஏதோ தாங்களே குற்றம் செய்தது போல் தலைகுனிந்து விடை கூறுகிறார்கள். அது தேவையில்லை. "தொழிற்சாலை மூடப்பட்டது. கடைசி நாள் வரை வேலை பார்த்தேன்" என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

சொல்லக் கடினமான காரணங்கள்

நம் தவறினாலேயே வேலை போயிருந்தால் என்ன செய்வது? இதுவும் வாழ்க்கையில் நடப்பதுதான். மறைத்தால் பழைய இடத்தில் விசாரிக்கும்போது வெளிப்பட்டுவிடும். "தொடக்கத்தில் கணக்கில் கவனக்குறைவாக இருந்தேன். அதனால் என்னை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு கூட்டலையும் இருமுறை சரிபார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன்" என்று கூறும் பெண்ணை எல்லாரும் நிராகரிக்க மாட்டார்கள். சிலர் நிராகரிக்கலாம், அதையும் தாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் இப்படிக் கிடைத்த வேலையில், என்றைக்கு உண்மை தெரிந்துவிடுமோ என்ற பயம் இருக்காது.

பொய்க் கணக்கு எழுதச் சொன்னதால் விலகியவர்களும் உண்டு. அவர்கள், "எனக்குச் சரியென்று படாத முறையில் வேலை செய்ய வேண்டியிருந்தது, எனவே விலகினேன்" என்று கூறலாம். அந்த நிறுவனத்தின் உள்விவகாரங்களைப் புதிய இடத்தில் விரித்துரைக்க வேண்டாம். முறையிட வேண்டுமென்றால் அதற்குரிய அதிகாரிகளிடம் முறையிட வேண்டும். நேர்முகத் தேர்வு அதற்கான இடம் அன்று.

இன்னொரு காரணமும் உண்டு. பெண் பிள்ளைகளின் மலரில் அதை எழுதாமல் விடுவது சரியாகாது. வேலை செய்யும் இடத்தில் தகாத பேச்சு, தகாத தொடுதல், தொந்தரவு காரணமாக எத்தனையோ பெண்கள் வேலையை விடுகிறார்கள். வீட்டிலும் சொல்வதில்லை. மாணவியரே, அப்படி ஒன்று நேர்ந்தால் குற்றம் உங்களுடையது அன்று என்பதை முதலில் நம்புங்கள். 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் இதற்கான நெறிமுறைகளை வகுத்தது. 2013-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அதன்படி 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் புகாரை விசாரிக்க ஓர் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் தலைமைப் பொறுப்பில் ஒரு பெண் இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடங்களில் வேலை செய்பவர்கள் மாவட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம். நிகழ்ச்சி நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும்; தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை குழு அவகாசம் தரலாம்.

அப்படி விலகியவள் நேர்முகத் தேர்வில் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டுமா? வேண்டியதில்லை. "அங்கே வேலைச் சூழல் எனக்கு ஏற்றதாக இல்லை, எனவே விலகினேன்" என்பது உண்மைதான். மேலும் வற்புறுத்திக் கேட்டால், "அதைப் பற்றி இதற்கு மேல் பேச விரும்பவில்லை. என் வேலையைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்கிறேன்" என்று அமைதியாகக் கூறலாம். பொய் சொல்வது வேறு. சொல்லத் தேவையில்லாததைச் சொல்லாமல் இருப்பது வேறு. இந்த வேறுபாட்டை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

திருமணமும் குழந்தையும்

ஆண்களைவிடப் பெண்களுக்கே இவ்வினா பெரும் சுமையாக இருக்கிறது. ஒரு காலத்தில் பெண் வேலையை விட வேண்டும் என்பதை விதிகளே எழுதி வைத்திருந்தன.

குடகு நாட்டில் பிறந்து, மடிக்கேரியில் கன்னியர் நடத்திய பள்ளியிலும் பிறகு சென்னையிலும் படித்த சி.பி. முத்தம்மா, 1949-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்மணி. அப்பணியிலுள்ள பெண் திருமணம் செய்துகொள்ள அரசின் அனுமதியை எழுத்து மூலம் பெற வேண்டும், திருமணத்துக்குப் பிறகு குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் பதவி விலகச் சொல்லலாம் என்று அன்று விதி இருந்தது. ஆண்களுக்கு அப்படி ஒரு விதி இல்லை. தமக்குரிய பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது முத்தம்மா உச்ச நீதிமன்றம் சென்றார். 1979-இல் வந்த தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அவ்விதிகளை வன்மையாகக் கண்டித்தார். அரசும் திருமண அனுமதி விதியைக் கைவிட்டது.

அதே போல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் முதல் முறை கருவுற்றதுமே வேலையை இழக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 1981-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று கூறியது.

பேறுகால விடுப்பைப் பற்றியும் அறிந்துகொள்ளுங்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் 12 வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பை அளித்தது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு அது 26 வாரமாயிற்று. பேறு காலத்துக்கு முந்திய 12 மாதங்களில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். இதை அறியாமல், கருவுற்றதும் வேலையை விட்டுவிட்டுப் பிறகு வருந்தும் பெண்கள் பலர். விலகும் கடிதம் எழுதுமுன், விடுப்புக் கடிதம் எழுத வழி உண்டா என்று பாருங்கள்.

அப்படியும் குழந்தைக்காகச் சில ஆண்டுகள் வீட்டில் இருந்தீர்களா? அதை மறைக்க வேண்டாம். "சும்மா இருந்தேன்" என்றும் சொல்ல வேண்டாம். ஒரு குழந்தையை வளர்ப்பது சும்மா இருப்பதா? "மூன்று ஆண்டுகள் என் குழந்தையைக் கவனித்தேன். இப்போது அவனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஏற்பாடு செய்திருக்கிறேன்" என்று கூறி, அந்த நாட்களில் உங்கள் வேலை தொடர்பாக என்ன படித்தீர்கள், எதைப் புதிதாகக் கற்றீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல்

இம்மலரைப் படிக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் வேலையைத் தொடர்வதா விடுவதா என்பதை அவளோடு கலந்து பேசி முடிவு செய்யுங்கள். விடுவதென்றே முடிவானால், அந்த ஒரு மாத முன்னறிவிப்புக் காலத்தை அவளுக்குக் கொடுங்கள். திருமணத்துக்கு மண்டபம் பேச, நகை எடுக்க, பத்திரிகை அடிக்க எல்லாவற்றுக்கும் நாள் ஒதுக்குகிறோம். அவள் உழைத்துப் பெற்ற நற்பெயரைக் கையோடு கொண்டுவர ஒரு மாதம் ஒதுக்கலாகாதா? நீங்கள் போட்டு அனுப்பும் நகை ஒரு நாள் அடகுக் கடைக்குப் போகலாம். அவளுடைய அனுபவச் சான்றிதழை எந்தக் கடையிலும் அடகு வைக்க முடியாது. அது அவளோடேயே இருக்கும்.

அந்த மாணவி என்ன ஆனாள்?

அன்று மாலை நாங்கள் இருவரும் அமர்ந்து பழைய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். சொல்லாமல் நின்றதற்கு வருத்தம் தெரிவித்து, வேலை கற்றுக்கொடுத்ததற்கு நன்றி கூறி, அனுபவச் சான்றிதழ் வேண்டினோம். "இத்தனை வருஷம் கழிச்சு எந்த முகத்தோட கேக்கறது டீச்சர்?" என்று தயங்கினாள். "உன் முகத்தோடுதான்" என்றேன்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, வேலையில் கவனமாக இருந்தாள் என்ற ஒரு வரி ஆகியவற்றோடு சான்றிதழ் வந்தது. உடன் ஒரு துண்டுத் தாளில் அந்த மேலாளர் தம் கையால் எழுதியிருந்தார்: அவளுடைய பத்து நாள் சம்பளம் இன்னும் கணக்கில் பாக்கியாக நிற்கிறது, ஒரு நாள் வந்து கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று. அதைப் படித்துவிட்டு அவள் அழுதுவிட்டாள். தன்னைப் பற்றி அவள் சொன்ன பழிச்சொல்லை அவர் அறியமாட்டார். ஆனால் அவள் அறிவாள் அல்லவா?

அதற்குப் பிறகு மூன்று இடங்களுக்குப் போனாள். மூன்றிலும் அதே வினா. மூன்றிலும் ஒரே விடை சொன்னாள்: "திருமணம் நிச்சயமானபோது முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுவிட்டேன். அது என் தவறு. பிறகு அவர்களுக்கு எழுதி வருத்தம் தெரிவித்தேன்; அவர்கள் தந்த சான்றிதழ் இது. நான்கு ஆண்டுகள் குழந்தையைப் பார்த்துக்கொண்டேன். இப்போது மாமியார் பார்த்துக்கொள்கிறார். விட்டுப்போன கணக்கு வேலையை மறுபடியும் பழகி வருகிறேன்." இரண்டு இடங்களில் எடுக்கவில்லை. மூன்றாவது இடத்தில், அவள் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த சம்பளத்தில் எடுத்துக்கொண்டார்கள். சேர்ந்த அன்று முதல் வேலையாக நியமனக் கடிதத்தில் முன்னறிவிப்பு எத்தனை நாள் என்று பார்த்துக்கொண்டதாக எனக்குத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள்.

பயிற்சி

1. உங்கள் வீட்டில் வேலை பார்த்த ஒருவரிடம், அவர் ஒரு வேலையை விட்ட காரணத்தைக் கேட்டு மூன்று வாக்கியங்களில் எழுதுக. யார் மீதும் பழி இல்லாமல் எழுத முடிகிறதா என்று பார்க்க.

2. "தூரம் காரணமாக விலகுகிறேன்" என்ற பொருளில் ஒரு பதவி விலகல் கடிதம் வரைக.

3. தோழியர் இருவர் சேர்ந்து, ஒருவர் தேர்வாளராகவும் மற்றவர் விண்ணப்பதாரராகவும் அமர்ந்து, "முன்பு பார்த்த வேலையை ஏன் விட்டீர்கள்?" என்ற வினாவுக்கு ஒரு நிமிடத்துக்குள் விடை கூறிப் பழகுக. பிறகு இடம் மாறி அமர்க.

மாணவியரே, நாளை நீங்கள் எத்தனையோ இடங்களில் வேலைக்குச் சேர்வீர்கள். சில இடங்களிலிருந்து விலகவும் நேரும். சேரும்போது வாசலில் வணக்கம் சொல்லி நுழைவது போலவே, விலகும்போதும் வணக்கம் சொல்லி வெளியே வாருங்கள். அந்த வாசலுக்கு மீண்டும் போக வேண்டிய நாள் வந்தால், நீங்கள் கூசாமல் போகலாம்.

உங்கள் அனைவரையும் வாழ்த்துகிறேன்.

— வணிகவியல் ஆசிரியை